காளான் கஷாயம்: குமரி மாவட்டத்து அடுக்களைக்கு ஒரு வழிகாட்டி

தென்னை விளை வைத்திருப்பவர்களிடம் ரெய்ஷிக் காளான் பற்றிப் பேச்செடுத்தால், முதலில் வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "நம்ம தென்னை மூட்டில செவப்பா, வார்னிஷ் அடிச்சாப்புல ஒண்ணு முளைக்குமே, அதையா வெளியூர்ல காசு கொடுத்து வாங்கிக் குடிக்கான்?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. இரண்டும் கேனோடெர்மா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவைதான். சீனாவில் லிங்ஜி, ஜப்பானில் ரெய்ஷி என்று பல நூற்றாண்டுகளாக மருந்தாகக் காய்ச்சிக் குடிப்பதும் கேனோடெர்மா. நம் ஊரில் தென்னையின் அடித்தண்டை அழுகவைத்து மரத்தையே சாய்ப்பதும் கேனோடெர்மா. 1950களின் தொடக்கத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் தென்னையில் பரவியதால் அந்த நோய்க்குத் தஞ்சாவூர் வாடல் நோய் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அடிமரத்தில் செம்பழுப்பாகச் சாறு வடியும், மட்டை தொங்கும், கடைசியில் மூட்டில் அந்தக் காளான் தட்டுத் தட்டாக வெளியே வரும்.

அதைப் பிடுங்கிக் காய்ச்ச வேண்டாம். ஏனென்றால் கேனோடெர்மாவில் ஒன்றுபோலவே தோன்றும் இனங்கள் பல உண்டு. கண்ணால் பார்த்து, இதுதான் மருந்துக்கானது என்று சொல்லிவிட முடியாது. இன்னொன்று, நோய் கண்ட மரத்துக்கு விளைக்காரர் சும்மா இருந்திருக்க மாட்டார். தூரில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை ஊற்றியிருப்பார், வேரில் பூஞ்சைக்கொல்லிப் பையைக் கட்டியிருப்பார். காளானுக்கு மண்ணிலும் மரத்திலும் இருக்கும் உலோகங்களை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும் குணம் உண்டு. அதை ஒன்றரை மணி நேரம் காய்ச்சினால் நல்லது மட்டும் இறங்கி வரும் என்று எதிர்பார்க்க முடியாது. மழைக்குப் பிறகு ரப்பர் விளைகளில் வெட்டிப் போட்ட தடிகளில் விசிறி விசிறியாக முளைப்பதற்கும் இதே பதில்தான்.

ஆக, இந்த வழிகாட்டியில் காட்டுக்குப் போகும் வேலை கிடையாது. வளர்த்து, உலர்த்தி, லேபிள் ஒட்டி விற்கும் ரெய்ஷித் துண்டுகளை வாங்கி, வீட்டில் ஒழுங்காகக் காய்ச்சிக் குடிப்பது எப்படி என்பதுதான் விஷயம். கடைக்காரர்கள் இதை மஷ்ரூம் டீ என்கிறார்கள். வெந்நீரில் முக்கி எடுத்துவிட்டால் இது இறங்காது. நம் வீடுகளில் குடிநீர்ச் சூரணத்தை நாலில் ஒன்றாக, எட்டில் ஒன்றாக வற்றக் காய்ச்சுவோம் அல்லவா, அந்தக் கை இருந்தால் போதும்.

எதை எதிர்பார்க்கலாம்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், விற்பவர்கள் நீட்டிச் சொல்வார்கள். காளானில் பீட்டா குளுக்கான் என்ற நீளமான சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன. அவை உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களைத் தூண்டுவதை ஆய்வுக்கூடங்களில் பார்த்திருக்கிறார்கள். ரெய்ஷியில் கூடுதலாக டிரைடர்பீன் என்ற கசப்புப் பொருள்கள் உண்டு. ஆனால் ஆய்வுக்கூடத்துக்கும் நம் உடம்புக்கும் தூரம் அதிகம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-ல் பார்த்தபோது, சர்க்கரை நோயாளிகளின் ரத்தச் சர்க்கரைக்கோ இதயத்துக்கோ ரெய்ஷி பலன் தரும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றே முடிவுக்கு வந்தது. ஜப்பானில் 1970களில் டர்க்கி டெயில் காளானிலிருந்து பிரித்தெடுத்த கிரெஸ்டின் என்ற மருந்துக்குப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் துணையாக அனுமதி கொடுத்தார்கள். அது சுத்திகரித்த மருந்து, மருத்துவமனையில் மற்ற சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்து வந்தது. நாம் சட்டியில் காய்ச்சும் கஷாயத்துக்கு அந்தப் பெயரைக் கடன் வாங்க முடியாது.

அப்படியென்றால் எதற்குக் குடிப்பது? காபீன் இல்லாத, சூடான, கசப்பான ஒரு சாயங்கால பானம். ராத்திரி தூக்கத்தைக் கெடுக்காது. நாலாவது கட்டன் சாயாவுக்கு (பால் சேர்க்காத டீ) பதிலாக இதைக் குடித்தால் அதுவே ஒரு லாபம். எனக்கு இதற்கு மேல் உறுதி கொடுக்கத் தோன்றவில்லை.

முதலில் இதைப் பாருங்கள்: யார் தொடக்கூடாது

அடுப்பைப் பற்றவைக்கும் முன் வீட்டு மருந்து டப்பாவைத் திறந்து பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், குளோபிடோக்ரல், ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் இருந்தால் ரெய்ஷி வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டக்கூடும். ஸ்டென்ட் வைத்தவர்கள் பலருக்கு இவற்றில் ஒன்றோ இரண்டோ கட்டாயம் எழுதிக் கொடுத்திருப்பார்கள். பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்களுக்குப் பிரஷரோ சர்க்கரையோ தேவைக்கு மேல் இறங்கிவிடும் சாத்தியம் உண்டு. மருந்து எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேட்காமல் குடிக்கக்கூடாது. சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள், முடக்குவாதத்துக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் அறவே ஒதுக்க வேண்டும், ஏனென்றால் அவர்களுடைய மருந்து அடக்கி வைப்பதை இது தூண்டிவிடலாம். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், குழந்தைகள், இவர்களுக்கும் இல்லை. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்துங்கள், குடித்து வந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வரி. ரெய்ஷியைப் பொடியாக விழுங்கி வந்த சிலருக்குக் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டதாக வெளிநாட்டு மருத்துவப் பதிவுகள் உண்டு. எண்ணிக்கையில் மிகக் குறைவுதான். ஆனாலும் நான் பொடியை விட்டுத் துண்டையே பரிந்துரைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கோட்டாறு அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியிலோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்கள், அடுத்த தடவை போகும்போது பாக்கெட்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். "ஒரு காளான் பொடி" என்று வாயால் சொன்னால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. லேபிளைப் பார்த்தால் புரியும்.

வாங்குவது

வேலையில் பாதி இங்கேதான். நல்ல துண்டு கையில் இருந்தால் காய்ச்சுவது யாருக்கும் வரும்.

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் நாட்டு மருந்துக் கடைகளில் சொல்லி வைத்தால் சில இடங்களில் வரவழைத்துத் தருவார்கள். மற்றபடி ஆன்லைன்தான். எங்கே வாங்கினாலும், உலர்ந்த ரெய்ஷித் துண்டு என்று கேளுங்கள். முழுக் காளானாக வாங்காதீர்கள். காய்ந்த முழு ரெய்ஷி மரக்கட்டைதான். வெட்டுகத்தி எடுத்துக் கொத்த வேண்டி வரும், கை பத்திரம். பொடி வாங்கினால் உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது, கஷாயத்தை வடிகட்டவும் படாதபாடு.

துண்டைக் கையில் எடுத்தால் மேல் விளிம்பில் மெல்லிய, பளபளப்பான செம்பழுப்புத் தோல் ஒரு கோடாக ஓடும். அதற்குக் கீழே உட்பகுதி பழுப்பாக, நாராக, தக்கை பதத்தில் இருக்கும். அடிப்பக்கத்தில் ஊசி முனை அளவில் நெருக்கமான துளைகள். செதில்கள் இருக்காது, சாதாரணக் குடைக் காளானின் அடியில் தெரியும் மடிப்புகள் இதில் கிடையாது. முகர்ந்தால் மரவாசனையும் மண்வாசனையும் வரும். பூசணம் பிடித்த நெடி, பச்சையாகவோ கறுப்பாகவோ புள்ளிகள், ஓரத்தில் மாவு மாதிரித் தூள் உதிர்வது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்தத் தூள் வண்டு அரித்தது.

லேபிளில் பார்க்க வேண்டியவை: இனத்தின் பெயர், எந்த நாட்டில் விளைந்தது, பேட்ச் எண், காலாவதித் தேதி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண். அந்த எண்ணை ஆணையத்தின் இணையதளத்திலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். ஈயம், காட்மியம், ஆர்செனிக், பாதரசம் ஆகிய நான்குக்கும் பரிசோதனை அறிக்கை கேட்டு அனுப்புங்கள். நல்ல விற்பனையாளர் அன்றைக்கே பிடிஎஃப் அனுப்புவார். "அதெல்லாம் தேவையில்ல, இயற்கையானது" என்று பதில் வந்தால் வேறு கடை பாருங்கள்.

"புற்றுநோய் குணமாகும்", "சர்க்கரை அறவே போகும்" என்று பாக்கெட்டில் அச்சிட்டிருந்தால் கையில் எடுக்கவே வேண்டாம். அப்படி விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-ல் இருந்தே சட்டம் உண்டு. சட்டத்தை மதிக்காதவர் காட்மியத்தை மட்டும் சோதித்துப் பார்த்திருப்பாரா? உறவுக்காரர், கூட வேலை பார்ப்பவர் என்று சங்கிலி போட்டு விற்கும் காளான் காப்பிப் பாக்கெட்டுகளுக்கும் ஒரு வார்த்தை. பின்பக்கம் பொருள் பட்டியலைப் படியுங்கள். அதிகம் இருக்கும் பொருளை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. சர்க்கரையும் கிரீமரும் முன்னால் வந்து காளான் கடைசியில் நின்றால், நீங்கள் வாங்கியது சர்க்கரை.

ஏற்கெனவே பொடி வாங்கி வைத்திருப்பவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். சில நிறுவனங்கள் காளான் உடலை எடுக்காமல், தானியத்தில் வளரும் வேரிழையைத் தானியத்தோடு சேர்த்தே அரைத்து விற்கும். ஒரு சிட்டிகைப் பொடியை வெந்நீரில் கலக்கி, ஆறவிட்டு, காயத்துக்குப் போடும் டிஞ்சர் அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். பள்ளிக்கூடத்தில் கிழங்கை வைத்துச் செய்து காட்டியதுதான். கருநீலமாக மாறினால் மாவுச்சத்து இருக்கிறது. காளானில் மாவுச்சத்து கிடையாது. சோதித்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

முதல் தடவை 50 கிராமுக்கு மேல் வாங்க வேண்டாம். கசப்பு ஒத்துக்கொள்ளாமல் ஒரு வாரத்தில் விட்டுவிடுபவர்கள் பலர்.

பாத்திரமும் தண்ணீரும்

மண்சட்டி இருந்தால் அதுவே முதல் தேர்வு. மீன்குழம்பு வைக்கும் சட்டி வேண்டாம், எத்தனை தேய்த்தாலும் புளியும் மீனும் விடாது. தனியாக ஒரு சின்னச் சட்டி வாங்கிப் பழக்குங்கள். இல்லையென்றால் எவர்சில்வர். அலுமினியம், இரும்பு இரண்டையும் தவிர்த்துவிடுங்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதிக்கப் போகிறது.

தண்ணீர் விஷயத்தில் கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். போர்த் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால், ஒரு லிட்டர் அரை லிட்டருக்கும் கீழே வற்றும்போது உவர்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடும். குடிக்கிற தண்ணீரையே எடுங்கள்.

காய்ச்சும் முறை

அளவு: 5 கிராம் துண்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். வீட்டில் கிராம் தராசு இல்லையா? 50 கிராம் பாக்கெட்டை ஒரு பேப்பரில் கொட்டி, கண்ணளவில் பத்துக் குவியலாகப் பிரித்து, தனித்தனியாக மடித்து வையுங்கள். தலா 5 கிராம். மருந்தாளுநர் வேலை இல்லை இது, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் குடி முழுகாது.

சீன மருந்துநூல் நாளொன்றுக்கு 6 முதல் 12 கிராம் வரை சொல்கிறது. அது அங்கே மருத்துவர் பார்த்துக் கொடுப்பதற்கான அளவு. நாம் 5 கிராமைக் காய்ச்சி இரண்டு பேர் குடிக்கப் போகிறோம், தலைக்கு இரண்டரை கிராம். தொடக்கத்துக்கு அது தாராளம்.

துண்டுகளை ஓடும் தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள், தூசி போனால் போதும். பிறகு அளந்த ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டு ஊறவிடுங்கள். தக்கை மாதிரி என்பதால் முதலில் எல்லாம் மேலே வந்து மிதக்கும். மேலே ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்து அமுக்கி வையுங்கள். அரை மணி நேரத்தில் ஓரங்கள் தண்ணீர் குடித்துக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஒரு மணி நேரம் ஊறினால் இன்னும் நல்லது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டக்கூடாது, அதிலேயே காய்ச்ச வேண்டும்.

அடுப்பில் ஏற்றிக் கொதி வரும்வரை பெரிய தீ. கொதி வந்ததும் மேலே பழுப்பாக நுரை கட்டும். கரண்டியால் ஒதுக்கி எடுத்துவிடலாம், எடுக்காவிட்டாலும் ஒன்றுமில்லை. அடுத்தபடியாகத் தீயைக் குறைத்துவிடுங்கள். பாத்திரத்தின் நடுவில் ஒன்றிரண்டு குமிழி மட்டும் வந்து உடைய வேண்டும், அந்தப் பதம். மூடியை முழுக்க மூடாமல் ஒரு ஓரத்தில் கரண்டியைச் சொருகிச் சாய்த்து வையுங்கள்.

இப்படியே ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். ஏன் இவ்வளவு நேரம் என்றால், காளானின் செல் சுவர் கைட்டின் என்ற பொருளால் ஆனது. நண்டு ஓட்டிலும் இறால் தோட்டிலும் இருப்பதும் அதே கைட்டின்தான். வெந்நீரை ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்தால் அதை ஒன்றும் செய்ய முடியாது. சூட்டிலேயே நேரம் கொடுத்தால்தான் சுவர் தளர்ந்து பீட்டா குளுக்கான் தண்ணீரில் இறங்கும். கசப்பான டிரைடர்பீன்கள் தண்ணீரில் ஓரளவுதான் கரையும், சாராயத்தில் நன்றாகக் கரையும். அதனால்தான் கம்பெனிகள் இரண்டிலும் எடுத்துக் கலந்து இரட்டைச் சாறு என்று விற்கின்றன. வீட்டில் அந்தப் பரிசோதனை வேண்டாம்.

அரை மணி கழிந்ததும் தண்ணீர் வைக்கோல் நிறத்துக்கு வரும். ஒரு மணியில் நல்ல கட்டன் சாயா நிறம். லிட்டர் வற்றி 400 மில்லி சுமாருக்கு வந்ததும் இறக்கலாம். எவ்வளவு வற்றியது என்று தெரிய ஒரு சுலபமான வழி இருக்கிறது: தொடங்கும் முன் 400 மில்லி தண்ணீரைச் சட்டியில் ஊற்றி, சுத்தமான ஒரு மரக்குச்சியை நேராக நிறுத்தி ஈரம் ஏறிய இடத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர்கள் கஷாயத்துக்கு இப்படித்தான் ஈர்க்குச்சியில் அளவு வைப்பார்கள். இடையில் நேரம் ஆகுமுன்பே வற்றிவிட்டால் கொதிக்கிற வெந்நீரைச் சேர்க்கலாம், பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கொதியை அடக்காதீர்கள்.

கேஸ் விலையை நினைத்து யோசிப்பவர்களுக்குக் குக்கர் உண்டு. எவர்சில்வர் குக்கராக இருக்கட்டும். ஆவி வெளியே போகாது என்பதால் தண்ணீர் 500 மில்லி போதும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 35, 40 நிமிடம், அப்புறம் தானாக அடங்கவிட்டுத் திறக்க வேண்டும். நிறமும் கசப்பும் சட்டியில் காய்ச்சியதற்குப் பக்கத்தில் வந்துவிடும். வெந்நீருக்கோ நெல் அவிக்கவோ விறகடுப்பு எரியும் வீடுகளில் கவலையே இல்லை. வேலை முடிந்து தணலாகக் கிடக்கும் அடுப்பில் சட்டியை ஏற்றி மறந்துவிடலாம். முழுக்க மறந்துவிடாதீர்கள், அடிப்பிடித்த ரெய்ஷியின் கசப்பைச் சொல்லி மாளாது.

வடிகட்டச் சாயா வடிகட்டியே போதும், துண்டுதானே. துண்டுகளைக் கொட்டிவிட வேண்டாம். அதே துண்டுகளை மறுநாள் 700 மில்லி தண்ணீரில் போட்டு இன்னொரு முறை காய்ச்சலாம். நிறம் சற்று வெளிறும், ஆனால் குடிக்கும்படி இருக்கும். இடையில் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், வெளியே வைத்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரே ராத்திரியில் கொழகொழவென்று ஆகிவிடும். மூன்றாவது முறை காய்ச்சி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசப்பே தெரியாவிட்டால் தென்னை மூட்டிலோ வாழை மூட்டிலோ போட்டுவிடலாம். ஒரு மணி நேரம் கொதித்த துண்டில் நோய் பரப்ப உயிர் எதுவும் மிச்சமிருக்காது.

கசப்பைச் சமாளிப்பது

ரெய்ஷி கசக்கும். நிலவேம்பு குடித்துப் பழகியவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. மற்றவர்களுக்கு நம் மாவட்டத்திலேயே வழி இருக்கிறது. ஒரு சின்னத் துண்டுச் சுக்கைத் தட்டி, இரண்டு கிராம்பு, ஒரு ஏலக்காய் சேர்த்துக் கடைசிப் பத்து நிமிடம் மட்டும் கொதிக்க விடுங்கள். தொடக்கத்திலேயே போட்டால் வாசனை முழுதும் ஆவியோடு போய்விடும். வேளிமலை, மாறாமலைப் பக்கத்துக் கிராம்பு கிடைத்தால் ஒன்றே போதும், காரம் அதிகம். கன்னியாகுமரி கிராம்பு என்று அதற்குப் புவிசார் குறியீடே உண்டு.

இனிப்புக்குக் கருப்பட்டி நன்றாகச் சேரும். நேராகச் சட்டியில் போடாமல் தனியாகக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள், மண் அடியில் தங்கும். மார்த்தாண்டம் தேன் என்றால் கஷாயம் ஆறி வெதுவெதுப்பானதும் கோப்பையில் கலக்க வேண்டும். இரண்டுமே சர்க்கரைதான் என்பதைச் சர்க்கரைக்காரர்களிடம் சொல்லித்தான் ஆக வேண்டும், "கருப்பட்டி பரவாயில்ல" என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பால் ஊற்றலாமா என்றால், தாராளமாக ஊற்றலாம். ருசி எனக்குப் பிடிப்பதில்லை.

எப்போது, எவ்வளவு

முதல் மூன்று நாள் அரைக் கோப்பை, அதாவது 100 மில்லி, சாப்பாட்டுக்குப் பிறகு. வெறும் வயிற்றில் சிலருக்குக் குமட்டும். ஒன்றும் செய்யவில்லை என்றால் ஒரு கோப்பைக்கு ஏறலாம், அதற்கு மேல் போக அவசியமில்லை. வாரத்தில் ஐந்து நாள் குடித்து இரண்டு நாள் விடுவது என் பழக்கம். அதற்குப் பெரிய சாஸ்திரம் ஒன்றும் இல்லை, தினமும் ஒரே பொருளை விடாமல் குடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான்.

வாய் வறட்சி, தலைசுற்றல், வயிற்றுப்போக்கு, மூக்கில் ரத்தம், தோலில் தடிப்பு, இதில் எது வந்தாலும் நிறுத்துங்கள். கண் மஞ்சளாவது, சிறுநீர் கடும் மஞ்சளாகப் போவது, காரணமில்லாத அசதி, இவை வந்தால் நிறுத்துவதோடு நிற்காமல் அன்றைக்கே மருத்துவரைப் பார்த்து, குடித்த பாக்கெட்டையும் காட்டுங்கள்.

காய்ச்சிய கஷாயம் ஃப்ரிட்ஜில் மூன்று நாள் இருக்கும். ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் அன்றைக்குக் காய்ச்சியதை அன்றே முடித்துவிட வேண்டும். புளித்த வாசனையோ மேலே குமிழியோ தெரிந்தால் கீழே ஊற்றுங்கள், மறுபடி கொதிக்கவைத்துத் தேற்றப் பார்க்காதீர்கள்.

மழைக்காலத்தில் பத்திரப்படுத்துவது

இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் நம்முடையது. ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும் அப்பளமே நமத்துப்போகும் ஊரில், உலர்ந்த காளான் பாக்கெட்டைத் திறந்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்தால் இரண்டு வாரம் தாங்காது. இறுக்கமான மூடியுள்ள கண்ணாடி பாட்டிலில் போட்டு, வறுத்து ஆறவைத்த ஒரு பிடி அரிசியைத் துணியில் முடிந்து உள்ளே வையுங்கள். அரிசியை மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். அடுப்புக்குப் பக்கத்து அலமாரி வேண்டாம், ஆவி ஏறும். வெயில் அடிக்கிற நாளில் துண்டை முறத்தில் பரப்பி ஒரு மணி நேரம் காயவைத்து, ஆறின பிறகு பாட்டிலில் போடுங்கள். வளைத்தால் படக்கென்று ஒடிய வேண்டும். மடங்கினால் ஈரம் இருக்கிறது. பூசணம் கண்ட துண்டைச் சுரண்டிவிட்டு உபயோகிக்கும் சிக்கனம் இங்கே வேண்டாம்.

மற்றக் காளான்கள்

டர்க்கி டெயிலுக்கு ரெய்ஷியின் முறையே பொருந்தும், கசப்பு குறைவு. ஷீட்டாக்கே சமையல் காளான்; அதை ஊறவைத்து இருபது நிமிடமாவது நன்றாக வேகவைத்து, சாற்றையும் காளானையும் சேர்த்தே சாப்பிடலாம். அரைகுறையாக வெந்ததைச் சாப்பிட்டால் சிலருக்கு முதுகில் சாட்டையால் அடித்த மாதிரிக் கோடு கோடாகத் தடிக்கும். கார்டிசெப்ஸ் என்று ஆரஞ்சு நிறக் குச்சிகளாக விற்பது கூடத்தில் அரிசியில் வளர்த்தது. இமயமலையில் புழுவின் மேல் முளைக்கும் விலையுயர்ந்த சரக்கு வேறு. வளர்த்தது மென்மையானது, பதினைந்து நிமிடம் கொதித்தால் போதும். லயன்ஸ் மேன் கஷாயத்தை விடக் கறியாக நன்றாக இருக்கும்.

சாகா என்ற கரிக்கட்டி போன்ற ஒன்றும் விற்பனைக்கு வருகிறது. ரஷ்யா, பின்லாந்து போன்ற குளிர் நாடுகளில் பிர்ச் மரத்தில் வளர்வது. அதில் ஆக்சலேட் மிக அதிகம், தொடர்ந்து குடித்துச் சிறுநீரகம் கெட்டுப்போனவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகள் உண்டு. வேர்த்து வழிந்து, தண்ணீர் குறைவாகக் குடித்து, சிறுநீரகக் கல்லோடு அலைகிறவர்கள் நிறைந்த ஊரில் அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இடி மழைக்குப் பிறகு புற்றிலும் விளையிலும் முளைப்பதைப் பற்றியும் கேட்பார்கள். பரம்பரையாக அடையாளம் தெரிந்தவர்கள் பறித்துக் கறி வைப்பது அவர்கள் அனுபவம். புதிதாக வருபவர்கள் கை வைக்க வேண்டாம். பூண்டு கறுக்கிறதா, வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் விஷத்தைக் காட்டிக் கொடுக்காது. எவ்வளவு கொதித்தாலும் அழியாத காளான் விஷங்கள் உண்டு.

வீட்டில் வளர்க்க ஆசைப்படுபவர்கள் ரெய்ஷியில் தொடங்காதீர்கள், அதுவும் பக்கத்தில் தென்னை நிற்கிற விளையில். வைக்கோலில் வளரும் சிப்பிக் காளான் சுலபம். வெக்கை தாங்கும் பால் காளானும் நமக்குச் சரிப்படும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் 1998-ல் ஏபிகே 2 என்ற ரகத்தையே வெளியிட்டிருக்கிறது. பயிற்சி எப்போது நடக்கிறது என்று திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள்.

மாத்திரை காரணமாக ரெய்ஷி கூடாது என்று ஆனவர்களும், கசப்பு வேண்டாம் என்பவர்களும் இந்தச் சிப்பிக் காளானைச் சாறாக வைத்துக் குடிக்கலாம். உலர்ந்ததாக 15 கிராம் எடுத்து 600 மில்லி தண்ணீரில் இருபது நிமிடம் ஊறட்டும். அதே தண்ணீரில் நாலு பல் பூண்டு, அரை ஸ்பூன் சீரகம், நாலைந்து சின்ன உள்ளி தட்டிப் போட்டு இருபது நிமிடம் கொதித்ததும், நல்லமிளகைப் பொடித்துத் தூவி உப்புப் பார்த்து இறக்குங்கள். பிரஷர் இருப்பவர்கள் உப்பைக் குறைத்துக்கொள்ளலாம். சாற்றைக் கோப்பையில் ஊற்றிச் சூடாகக் குடித்துவிட்டு, அடியில் கிடக்கும் காளானைத் தேங்காய் எண்ணெயில் கறிவேப்பிலையோடு ஒரு புரட்டுப் புரட்டினால் மத்தியானச் சோற்றுக்குத் தொடுகறி ஆயிற்று.